அரிய ஆங்கிலச் சொற்கள்: கற்பதும் கையாள்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதை அரிய சொல் என்று கணக்கில் எடுப்பது?

அன்றாடப் பேச்சில் காதில் விழாது. ஆனால் தலையங்கத்திலும் கட்டுரையிலும் தீர்ப்பிலும் நாவலிலும் இன்னும் உயிரோடு இருக்கும். அதுதான் அரிய சொல். 'டாக்கட்டிவ்' எல்லோருக்கும் தெரியும், 'கேரலஸ்' தெரிந்தவர் குறைவு. இரண்டுக்கும் வாயாடி என்றுதான் பொருள். இரண்டாவதில் 'தொணதொண' என்ற சலிப்பும் சேர்ந்திருக்கிறது.

அகராதியில் மட்டும் கிடக்கிற சொல் வேறு வகை. நாளை மறுநாளைக் குறிக்க 'ஓவர்மாரோ' என்று ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் சொல் இருந்தது. நமக்கு அது தேவைப்படும் சொல்தான். ஆனால் இன்று மின்னஞ்சலில் எழுதினால் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். இப்படிப்பட்டவற்றை ரசிக்கலாம், நினைவு அட்டை (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை) போட்டுப் படிக்க வேண்டாம்.

இப்போதே அரிய சொற்களைத் தொடலாமா, முதலில் சாதாரணச் சொற்களை முடிக்க வேண்டுமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம். சொற்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆங்கில நாவலையும் செய்தித்தாளையும் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. 'ஹேப்பி', 'ஹேப்பினஸ்', 'அன்ஹேப்பி' எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அவ்வளவு தெரிந்தவருக்கும் நூற்றுக்கு 98 சொற்கள்தான் புரியும். அதாவது 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் ஆறு சொற்கள் புதிதாகவே இருக்கும்.

இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றில் 300 சொல் எண்ணி, தெரியாதவற்றைக் கோடிடுங்கள். பத்துக்குள் இருந்தால் அரிய சொற்களுக்குப் போகலாம். இருபதைத் தாண்டினால் கோடிட்டவற்றில் பாதி அரிய சொல்லாகவே இருக்காது. அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்தால் என்ன?

முதல் வாரம் நன்றாகப் போகும். மூன்றாம் வாரம் 'அபேட்', 'அபேயன்ஸ்', 'அப்ஹார்', 'அப்ஜெக்ட்', 'அப்ஜூர்' எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எது தணிதல், எது வெறுத்தல் என்று தேர்வறையில் குழம்புவது நினைவாற்றல் குறைவால் அல்ல, அடுக்கியதில் உள்ள பிழையால். ஒத்த பொருளுடைய சொற்களை ஒரே நாளில் படித்தாலும் இதே கதிதான். டிங்க்கம் 1993இலும் வேரிங் 1997இலும் செய்த ஆய்வுகளில், பொருள்நெருக்கமுள்ள சொற்களைக் கூட்டாகப் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. 'கஞ்சத்தனத்துக்குப் பத்துச் சொற்கள்' போன்ற காணொளிகள் பார்க்கச் சுவையாக இருக்கும். படிக்கும் முறையாக அவை மோசம். ஒன்று நன்றாகப் பதிந்து, இரண்டு மூன்று வாரம் கழிந்த பிறகு அதன் பங்காளியைக் கொண்டுவாருங்கள்.

சொற்களை எங்கிருந்து எடுப்பது?

நீங்கள் வழக்கமாகப் படிப்பதிலிருந்து. ஒரு சொல் வெவ்வேறு இடங்களில் மூன்று முறை எதிர்ப்பட்டால் அட்டை போடுங்கள். ஒரே முறை வந்ததைப் பொருள் பார்த்துவிட்டு நகருங்கள். மூன்று முறை வந்தது மறுபடியும் வரும். கிரிக்கெட் செய்தி படிப்பவருக்கும் சட்டம் படிப்பவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது.

நம் ஊரில் ஏற்கெனவே புழங்குபவை உண்டா?

நிறைய. வீட்டு மனை வாங்கிய எவருக்கும் 'ஈசி' தெரியும். அதன் முதலெழுத்து 'என்கம்ப்ரன்ஸ்': வில்லங்கம், மேலே ஏறிய சுமை. சொத்துக்கு வெளியேயும் அது வரும். 'அன்என்கம்பர்ட்' என்றால் சுமையேதும் இல்லாதவர். நீதிமன்றத்தில் போடும் 'கேவியட்', பொது ஆங்கிலத்தில் 'இதைச் சொல்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு' என்பதற்கான சொல். கல்லூரி அலுவலகத்தில் வாங்கும் 'போனஃபைடு' லத்தீனில் 'நல்லெண்ணத்தோடு'. ஆங்கிலத்தில் 'உண்மையான, போலியல்லாத' என்று பெயரடையாக வரும். காவல்துறைச் செய்தியில் வரும் 'அப்ஸ்காண்ட்' வெறுமனே ஓடுவதல்ல, பிடிபடாமலிருக்க மறைந்தோடுவது.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. 'அரியர் இருக்கிறது' என்றால் இங்கே தேறாத பாடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அப்படியே எழுதினால், கட்டணம் பாக்கியோ என்று யோசிப்பார்கள். அங்கே அது நிலுவைத் தொகை மட்டும்தான். 'பிரிபோன்' ஆங்கில அகராதிகளில் ஏறிவிட்டது, ஆனாலும் இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது.

நாளைக்கு எத்தனை சொல்?

மூன்று. வாரத்தில் ஐந்து நாள். ஆண்டுக்கு எழுநூறு தாண்டும், அதுவே அதிகம். அட்டைகளைத் திரையிலேயே திருப்பிப் பார்க்க உதவும் 'ஆன்கி' செயலி இயல்பிருப்பில் நாளைக்கு 20 புது அட்டை தரும். நிறுவிய உடனே அமைப்பில் போய் 3 ஆக்கிவிடுங்கள். புது அட்டையின் எண்ணிக்கை சிறியதாகத் தெரியும், பின்னால் வருவது திருப்புதல். பத்துப் புதுச் சொல் போட்டால், சில வாரங்களில் தினமும் எழுபது முதல் நூறு அட்டை வரை திரும்பப் பார்க்க வேண்டி வரும். பெரும்பாலோர் நிறுத்திவிடுவது அந்தக் கட்டத்தில்தான்.

செயலி வேண்டாம் என்றால் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை இருக்கிறது. மிட்டாய்ப் பெட்டியை ஐந்து தடுப்பாக்குங்கள். முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை 3 நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை 2 வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்கு ஏறும், தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும். பாதி சரி என்பதெல்லாம் தவறுதான்.

அட்டையில் என்ன எழுத வேண்டும்?

முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள்; சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள். 'ஷீ இஸ் நாட் ___ டு ஹார்ட் வொர்க்' என்று எழுதி, கோடிட்ட இடத்தில் முதல் எழுத்தை மட்டும் குறிப்பாக வையுங்கள். பின்பக்கம் நான்கு வரி போதும்: 'அவெர்ஸ்' என்ற சொல், அழுத்தம் எந்த அசையில் என்ற குறி, கூட வரும் சொல், இங்கே 'டு', 'மனம் ஒப்பாத' என்று தமிழில் ஒரு வரி. கடைசியில் ஓர் எச்சரிக்கை வேண்டுமானால் சிவப்பு மையில்: 'அட்வெர்ஸ்' வேறு, அது சூழ்நிலைக்கும் விளைவுக்கும் வருவது, ஆளுக்கு வராது.

வாக்கியத்தை நீங்களே கற்பனை செய்யாமல், படித்த இடத்திலிருந்தோ அகராதியிலிருந்தோ எடுங்கள். சொந்தமாக எழுதினால், நமக்குத் தெரியாமலே தமிழ் வாக்கியத்தில் ஆங்கிலச் சொல்லைப் பொருத்திவிடுவோம். பிழையோடு அட்டை போட்டால், பிழைதான் ஆழமாகப் பதியும்.

பொருளைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலேயே எழுதணுமா?

தாராளமாகத் தமிழில் எழுதலாம். 'ஆங்கிலத்தில் சிந்தியுங்கள்' என்று சொல்லித் தமிழை விலக்கச் சொல்வதில் பெரிய லாபமில்லை. தமிழ்ச் சொல்லின் தொனியும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'ஃப்ரூகல்' என்பதற்குச் சிக்கனம் என்றும், 'பார்சிமோனியஸ்' என்பதற்குக் கருமித்தனம் என்றும் எழுதினால் பாராட்டு எது, வசவு எது என்பது தானே விளங்கும். இரண்டுக்கும் 'செலவு குறைக்கும் குணம்' என்று எழுதினால் அந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழே நல்ல கொக்கி. 'அவங்க்யுலர்' என்ற சொல்லை 'மாமா போன்ற' என்று அகராதி சொல்லும். அதன் லத்தீன் வேரான 'அவங்க்குலுஸ்' தாய்மாமனை மட்டுமே குறித்தது, சித்தப்பாவுக்கு அங்கே வேறு சொல். தாய்மாமன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இளையவரிடம் உரிமையும் கனிவுமாகப் பேசும் மூத்த ஆணின் தோரணையே அந்தச் சொல். 'பெனல்ட்டிமேட்' என்பதை 'மிக உச்சமான' என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். யாப்பிலக்கணம் படித்தவருக்கு அது ஈற்றயல்: நேரிசை ஆசிரியப்பாவில் முச்சீராய் வரும் ஈற்றயலடி போல, கடைசிக்கு முந்தையது. அவ்வளவுதான்.

கொக்கி அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 'பெட்ரிக்கோர்' 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ஆக்கிய சொல். கிரேக்கத்தில் கல்லும், தேவர்களின் நாளத்தில் ஓடும் திரவமும் சேர்ந்தது. மழை விழுந்த வறண்ட தரையின் மணம், நம் மண்வாசனை. ஆனால் 'இந்தக் கதையில் மண்வாசனை வீசுகிறது' என்ற பொருளில் 'பெட்ரிக்கோர்' வராது. அது மூக்குக்கு மட்டும் உரியது.

பொருள் தெரிந்தும் என் வாக்கியம் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

கொட்டும் மழை, கொளுத்தும் வெயில் என்கிறோம். 'கொளுத்தும் மழை' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனாலும் அது தமிழில்லை. ஆங்கில அரிய சொற்களில் பெரும்பாலானவை இப்படித்தான், இரண்டு மூன்று துணையோடு மட்டுமே வெளியே வருபவை.

'அப்ஜெக்ட்' வறுமைக்கும் தோல்விக்கும் முன்னால் வரும். மகிழ்ச்சிக்கு முன்னால் வராது. 'அன்மிட்டிகேட்டட்' பெரும்பாலும் 'டிசாஸ்டர்' பக்கத்தில்தான் நிற்கும். 'இன்கிளெமென்ட்' என்றால் அடுத்த சொல் 'வெதர்'. 'எக்ஸ்டென்யுவேட்டிங்' என்றால் 'சர்கம்ஸ்டன்ஸஸ்': குற்றத்தின் கனத்தைக் குறைக்கும் சூழ்நிலை. 'இக்ரீஜியஸ்' கதை இன்னும் சுவையானது. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்ற லத்தீன் வேரிலிருந்து 'தலைசிறந்த' என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்து, இன்று 'எரர்', 'வயலேஷன்' போன்றவற்றோடு சேர்ந்து 'அப்பட்டமாக மோசமான' ஆகிவிட்டது. பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரை 'இக்ரீஜியஸ்' என்று புகழ்ந்தால் அவருக்கு வேலை கிடைக்காது.

அடுத்தது உருபு. 'எனக்குப் பிடிக்கும்', 'என்னைப் பிடிக்கும்' இரண்டிலும் ஓர் உருபு மாறியதும் விரும்புபவரும் விரும்பப்படுபவரும் இடம் மாறிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது முன்னிடைச் சொல். 'டிவாய்ட்', 'பெரெஃப்ட்' இரண்டும் 'ஆஃப்' கேட்கும். 'டான்டமவுன்ட்', 'இம்பர்வியஸ்', 'இன்யூர்ட்', 'பிரிவி' எல்லாம் 'டு' கேட்கும். 'ஃப்ராட்' கேட்பது 'வித்'. 'கம்ப்ரைஸ்' செய்வினையில் எதையும் கேட்காது. 'கம்ப்ரைஸஸ் ஆஃப்' என்று எழுதுவது நம் அலுவலகக் கடிதங்களில் அன்றாடப் பிழை.

துணைச் சொற்களை எங்கே பார்ப்பது?

1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து நூறு கோடிக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டிய 'கோகா' என்ற தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. இலவசமாகப் பதிவு செய்து தேடலாம். சொல்லைத் தந்து, வலப்பக்கத்தில் அடிக்கடி வரும் பெயர்ச்சொற்களைக் கேட்டால் வரிசையாகக் காட்டும். முதல் ஐந்தை அட்டையில் எழுதுங்கள். பிரிட்டிஷ் வழக்குக்கு, பத்துக் கோடிச் சொல் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பு இருக்கிறது. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள், செய்தித் தளம் ஒன்றின் தேடுபெட்டியில் சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு, வரும் பத்து வாக்கியங்களைப் படித்தால் போதும்.

எந்த அகராதி நல்லது?

படிப்பவருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதி. லாங்மன் 1978இலிருந்தே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கம் எழுதி வருகிறது. கோபில்ட் முழு வாக்கியமாகவே விளக்கும், அதனால் துணைச் சொல் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். எதை எடுத்தாலும் பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் இருக்கும் குறியைப் படியுங்கள்: 'ஃபார்மல்', 'லிட்டரரி', 'டேட்டட்', 'ஆர்க்கேயிக்', 'ஹ்யூமரஸ்'. கடைசிக் குறி இருந்தால், அந்தச் சொல்லை எழுதுபவர்கள் கேலியாகத்தான் எழுதுகிறார்கள் என்று பொருள். இரங்கல் செய்தியில் அதைப் போட்டுவிடாதீர்கள். ஒத்தசொல் அகராதியைப் புதுச் சொல் தேடப் பயன்படுத்த வேண்டாம். தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும்போது எடுத்துப் பார்ப்பதற்கு உரியது அது.

தோற்றத்தில் ஏமாற்றும் சொற்கள் எவை?

இவற்றைத் தனியாக ஒரு கட்டாக வைத்துக்கொள்வது நல்லது.

'எனர்வேட்' காதுக்கு 'எனர்ஜி' போலக் கேட்கும். பொருள் நேர் எதிர்: நரம்பை உருவிவிட்டதுபோல் சோரச் செய்வது. சித்திரை வெயில் செய்வது அதைத்தான்.

'மெரிட்ரிஷஸ்' என்பதில் 'மெரிட்' இல்லை. லத்தீனில் விலைமாதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மேலே பகட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். ஓய்வு பெறுபவரின் சேவையைப் பாராட்ட வேண்டியது 'மெரிட்டோரியஸ்'.

'நாய்சம்' இரைச்சல் அல்ல, குமட்டும் நாற்றம். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பவர் அல்ல. கட்டுக்கு அடங்காமல் முரண்டு பிடிப்பவர், முதலில் குதிரைக்குச் சொன்னது. 'ஃபுல்சம்' பாராட்டு முழுமையான பாராட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். படிப்பவர்களில் பாதிப் பேர் அதைக் 'காக்காய் பிடிக்கும் அளவுக்கு மிகையான' என்றே எடுத்துக்கொள்வார்கள். 'டிஸ்இன்டரஸ்டட்' நீதிபதி வேண்டும்; 'அன்இன்டரஸ்டட்' நீதிபதி வேண்டாம். முன்னவர் ஆதாயம் எதிர்பாராத நடுநிலையாளர், பின்னவர் வழக்கைக் கவனிக்காதவர்.

'நான்பிளஸ்ட்' மட்டும் தனி ரகம். 'இனி மேலே எதுவுமில்லை' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்து, செய்வதறியாது திகைத்த நிலையைக் குறித்தது. அமெரிக்காவில் இப்போது பலர் 'சற்றும் அசராத' என்ற எதிர்ப்பொருளில் எழுதுகிறார்கள். படிக்கும்போது சூழலைப் பாருங்கள். எழுதும்போது இதைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

லத்தீன், கிரேக்க வேர் தெரிந்தால் சுலபமா?

ஓரளவு. பேசுவதற்கான லத்தீன் வேர் ஒன்றிலிருந்து 'எலக்வன்ட்', 'லக்வேஷஸ்', 'கொலோக்வியல்', 'சொலிலக்வி', சுற்றி வளைத்துப் பேசும் 'சர்கம்லொக்யூஷன்', பழிச்சொல்லான 'ஆப்லக்வி' என்று ஒரு கொத்தே கிடைக்கும். ஆனால் வேரை வைத்துப் பொருளை ஊகிப்பது ஆபத்து. படித்த பொருளை மறக்காமலிருக்கத்தான் வேர். 'இன்' என்று தொடங்கினாலே எதிர்மறை என்று நம்பினால், பெட்ரோல் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' தீப்பற்றாதது ஆகிவிடும். 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. இந்த விசித்திரத்தைத் தமிழும் அப்படியே செய்கிறது, பாருங்கள்.

உச்சரிப்பு?

படித்தே கற்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்வோம். 'எபிடோம்' அல்ல, எபிட்டமி. 'ஹைப்பர்போல்' அல்ல, ஹைப்பர்பலி. இன்டிக்ட் என்று எழுத்துக்கூட்டத் தோன்றுவது இன்டைட். 'சீக்' என்று படிக்கத் தோன்றுவது செக்வே. கப்பல் அணையும் துறை 'க்வே' அல்ல, கீ. 'விக்சுவல்ஸ்' என்று தோன்றுவது விட்டில்ஸ். 'இன்ஃபேமஸ்' என்று நடுவில் அழுத்தினால் தவறு. முதலசையில் அழுத்தி இன்ஃபமஸ்.

அட்டையில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். 'பேட்' என்று எழுதினால் அது மட்டையா, கெட்டதா, தட்டுவதா, எழுதுதாளா என்று இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. இந்தப் பக்கத்திலும் அந்தக் குறை இருக்கிறது. அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி மூன்று முறை கேளுங்கள், அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு போடுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை நம் பொருளிலேயே எழுதலாமா?

கூடாது, போன இடத்தில் அவை மாறிவிட்டன. 'கேட்டமரான்' இன்று இரட்டை உடல் கொண்ட படகு. நம் கட்டுமரத்தைச் சொல்ல விளக்கம் சேர்க்க வேண்டும். 'மலிகடானி' மிளகுத்தண்ணி அல்ல, மசாலாப் பொடி போட்ட கெட்டியான சூப். 'சரூட்' மட்டும் ஏறக்குறையச் சுருட்டாகவே இருக்கிறது. 'பரையா' என்பதை ஒதுக்கப்பட்ட நாடு, ஒதுக்கப்பட்ட ஆள் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் சாதாரணமாக எழுதுகின்றன. அது ஒரு சமூகத்தின் பெயர் என்று தெரிந்த நாம் அதை எழுத வேண்டிய அவசியமில்லை, 'அவுட்காஸ்ட்' போதும்.

ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ தேர்வுகளுக்கு எவ்வளவு உதவும்?

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தாளில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பு. 7ஆம் நிலைக்கான அளவுகோல் அரிய சொற்களைக் கேட்கிறது, கூடவே நடையும் சொற்சேர்க்கையும் அறிந்திருப்பதையும் கேட்கிறது. கட்டுரை முழுக்க 'பிளெத்தோரா', 'மிரியட்' என்று தூவுவதால் ஏறாது. சரியான துணையோடு மூன்று நான்கு சொல் போதும்.

ஜிஆர்இயில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் 2011இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்காகத் தயாரித்த பழைய பட்டியல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரிலிருந்து மொழிப் பகுதி 27 கேள்வி, 41 நிமிடம். ஆறு தெரிவுகளில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகையில், ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை. தனித்தனியாக நன்கு பதிந்த சொற்களைக் கடைசி ஆறு வாரத்தில் இணை இணையாகச் சேர்த்துப் பார்ப்பது இதற்குத்தான்.

அலுவலக மின்னஞ்சலில் போடலாமா?

ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்று, அதுவும் அதைவிட எளிய சொல் அந்த வேலையைச் செய்யாத இடத்தில். 'வீ ஆர் இன் எ குவான்டரி' என்பதற்குப் பதில் எதைப் போட்டாலும் நீளும். அங்கே அது சரி. 'யூட்டிலைஸ்' எழுதுகிற இடத்தில் 'யூஸ்' போதும்.

ஒரு சொல் கைவசமாகிவிட்டதை எப்படி அறிவது?

ஐந்தாம் தடுப்பில் இருக்கும் அட்டையை எடுங்கள். பார்க்காமல் மூன்று துணைச் சொற்களைச் சொல்லுங்கள். அது வரக்கூடாத ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ஏன் கூடாது என்று விளக்குங்கள். முடிந்தால் அது எழுதுவதற்கு உரிய சொல். பொருள் மட்டும் வந்தால் அது படிப்பதற்கு உரிய சொல். அட்டையின் மூலையில் 'படி' என்று குறித்துப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். பதினைந்தில் இரண்டு முதல் வகையில் விழுந்தாலே அந்த வாரக் கணக்கு சரி.